டீச்சரைக் கேளுங்கள்: ஆவணி பிறந்தால் காணாமல் போகிற பையன்

போன மாதம் இந்தப் பகுதியில், ஒன்பதாவதோடு பள்ளியை விட்டு நின்றுவிட்ட பேரனைப் பற்றி ஒரு தாத்தா கேட்டிருந்தார். நான்கு வரியில் பதில் எழுதி முடித்துவிட்டேன். அது போதவில்லை என்று கடிதங்கள் சொல்கின்றன. காசிமேட்டிலிருந்து பெரும்பாக்கம் வரை, சென்னைக்குள்ளிருந்தே ஒரு கட்டு வந்திருக்கிறது. அதனால் இந்த மாதம் மற்ற கேள்விகளுக்கு லீவு. வடசென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவள் நான். அதில் கடைசிப் பதினோரு வருஷம், 2019-ல் ஓய்வு பெறும் வரை, உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை. கேட்டவர்களின் பெயரைப் போடவில்லை, ஊர் மட்டும்.

கேள்வி: என் மகன் ஒன்பதாவது படிக்கிறான். ஜூனில் பள்ளி திறந்து பத்து நாள் ஒழுங்காகப் போனான். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட்டெல்லாம் கிளம்பியதும் ஹார்பருக்குப் போக ஆரம்பித்துவிட்டான். ஐஸ் உடைக்கிறான், கூடை தூக்குகிறான். நாளைக்கு நானூறு ரூபாய் கொண்டுவருகிறான். கேட்டால் "படிப்பு ஏறலம்மா" என்கிறான். அவன் அப்பா அடித்தும் பார்த்துவிட்டார்.
– ஒரு தாய், காசிமேடு

பதில்: அம்மா, "ஏறல" என்று அவன் சொல்வதைச் சோம்பேறித்தனம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டதாகத் தெரிகிறது. அவன் உள்ளதைத்தான் சொல்கிறானோ என்னவோ. இன்று ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். அப்பா, தங்கை யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, அவனுடைய சமூக அறிவியல் புத்தகத்தில் ஒரு பத்தியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எங்கே தடுக்கி நிற்கிறான் என்று காதுக்கே தெரிந்துவிடும்.

என் பள்ளியில் ஒரு பையன் இருந்தான். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். போர்டில் இருப்பதை ஒரு புள்ளி விடாமல் எழுதிவிடுவான். அவன் நோட்டில் எல்லா ஆசிரியர்களும் 'குட்' போட்டிருந்தார்கள். ஒரு நாள் தமிழாசிரியை லீவு என்று அந்த வகுப்புக்கு நான் போனேன். அவன் நோட்டையே அவன் கையில் கொடுத்து, "படி பார்க்கலாம்" என்றேன். எழுந்து நின்றான். நின்றுகொண்டே இருந்தான். தான் எழுதியதையே அவனுக்குப் படிக்கத் தெரியவில்லை! கோலத்தைப் பார்த்துக் கோலம் போடுவதுபோல எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டே ஒன்பதாவது வரைக்கும் வந்துவிட்டான். நாங்களும் திருத்திக்கொண்டே இருந்திருக்கிறோம்.

உங்கள் பையன் வயசுக்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது அவன் மூன்றாம் வகுப்பு. ஒன்றிலிருந்து எட்டு வரைக்கும் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ல். அதற்குள் அவன் ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டான். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை தடங்கலில்லாமல் படிக்கப் பழகுவது நாலாம் வகுப்பில்தான். அந்த வகுப்பை அவன் பார்க்கவே இல்லை. அப்புறம் எட்டாவது வரை நம் மாநிலத்தில் யாரையும் ஃபெயில் போடுவதில்லை. அது நல்ல விதிதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் விட்டுப்போனதை யாரும் இழுத்துப் பிடித்துச் சொல்லித்தரவில்லை என்றால், அது அப்படியே ஒன்பதாவது வரை கூடவே வரும். அங்கேதான் ஒவ்வொரு தேர்விலும் பேப்பரைக் கொடுக்கும்போது வகுப்பே திரும்பிப் பார்க்கும். ஹார்பரில் யாரும் அப்படித் திரும்பிப் பார்ப்பதில்லை. தூக்கின கூடைக்குக் காசு, அவ்வளவுதான். பதினாலு வயசுப் பையன் எங்கே இருக்க விரும்புவான், சொல்லுங்கள்.

காசு விஷயத்தையும் பேசிவிடலாம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது. முன்பு 45 நாளாக இருந்ததை 2017-ல் கூட்டினார்கள். மீன் பெருகத்தான் அது, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பள்ளி திறப்பது அந்த 61 நாளின் கடைசியில், வீட்டில் அடகு வைக்க எதுவும் மிச்சமில்லாத நேரத்தில். ஜூன் 15-ம் தேதி போட் கிளம்பும்போது பையனும் கிளம்புவது எனக்குப் புதுச் செய்தி இல்லை. ராயபுரம், காசிமேடு பக்கம் வேலை பார்த்த எந்த டீச்சரையும் கேளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. அடியை நிறுத்தச் சொல்லுங்கள். அவன் கொண்டுவருகிற நானூறை வீட்டுச் செலவில் கலக்காதீர்கள். கஷ்டம் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். அந்தக் காசில் ஒரு முறை அரிசி வாங்கிவிட்டால், மறுநாள் அவனை யாராலும் பையன் என்று சொல்லிப் பள்ளிக்கு அனுப்ப முடியாது. அப்புறம், நாளைக்கே வகுப்பாசிரியரைப் பாருங்கள். முப்பது வேலைநாள் தொடர்ந்து வராவிட்டால் பள்ளிக் கணக்கில் அவன் 'இடைநின்ற மாணவன்'. அதற்கு முன்னால் போனால் வெறும் லீவுதான். போய், "உடம்பு சரியில்லை" என்று பொய் சொல்ல வேண்டாம். "என் பிள்ளைக்குச் சரியாகப் படிக்க வரவில்லை, 'திறன்' வகுப்பில் உட்காரவையுங்கள்" என்று நேராகக் கேளுங்கள். ஆறிலிருந்து ஒன்பது வரை அடிப்படைத் தமிழ், ஆங்கிலம், கணக்கு சொல்லித்தருவதற்கென்றே அரசு 2025-ல் தொடங்கியது அது. கேட்டு வருகிற தாயைப் பார்த்தால் எந்த ஆசிரியருக்கும் கொஞ்சம் கூடுதலாகவே உதவத் தோன்றும்.

கேள்வி: மாநகராட்சிப் பள்ளியில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. என் ஒன்பதாம் வகுப்பில் 38 பேர். ஐந்து பையன்கள் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள். போன் செய்தால் 'ஸ்விட்ச் ஆஃப்'. ஆப்பில் வருகையைப் போடுவதோடு என் வேலை முடிந்துவிடுகிறதோ என்று உறுத்தலாக இருக்கிறது.
– ஓர் ஆசிரியர், புளியந்தோப்பு

பதில்: தம்பி, உறுத்துகிறதே, அதை விட்டுவிடாதீர்கள். நான் முதலில் கற்றுக்கொண்ட வித்தையைச் சொல்கிறேன். சிரிக்கக் கூடாது. வருகைப் பதிவேட்டை எடுத்துப் பக்கத்தில் தினசரி காலண்டரை வையுங்கள்.

என்னிடம் ஒரு பையன் இருந்தான். ஜூன் கடைசியில் அங்கங்கே ஆப்சென்ட். ஜூலை பாதியிலிருந்து ஒரு மாதம் ஒரு நாள்கூடத் தவறவில்லை. 'திருந்திட்டான்' என்று எல்லாரும் சந்தோஷப்பட்டோம். ஆகஸ்டு பாதிக்குமேல் மறுபடி காணோம், அதுவும் இரண்டு இரண்டு நாளாக. செப்டம்பர் பாதியிலிருந்து திரும்ப ஒழுங்கு. என்னடா இது, சந்திரன் தேய்ந்து வளர்கிற மாதிரி என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அலுவலக உதவியாளர் அம்மா எட்டிப் பார்த்துச் சொன்னார்: "ஆடியில வந்திருக்கான், ஆவணியில வரல, புரட்டாசியில வந்திருக்கான். முகூர்த்தம், மிஸ்." அப்படியே சரியாக இருந்தது. பையன் கேட்டரிங்கில் பரிமாறப் போகிறான். முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், ராத்திரி மண்டபத்திலேயே நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுத் தூக்கம், காலையில் டிபன் பந்தி, மத்தியானச் சாப்பாட்டுப் பந்தி. வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு ஆப்சென்ட். ஆடியில் கல்யாணம் கிடையாது, கூழ்தான். கூழ் ஊற்ற யாரும் கூலி தருவதில்லை.

இது தெரிந்ததும் அவனோடு பேசுகிற பேச்சே மாறிவிட்டது. "ஏன்டா வரல" என்பதை விட்டுவிட்டு, "சனி ஞாயிறு முகூர்த்தத்துக்குப் போ, புதன்கிழமை முகூர்த்தத்தை விடு" என்று பேரம் பேசினேன். குழந்தை உழைப்பை ஒரு தலைமையாசிரியையே ஒத்துக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். தப்புதான். ஆனால் அந்த வருஷம் அவன் பத்தாவதுக்குப் போனான்.

உங்கள் ஐந்து பேருக்கும் ஐந்து காலண்டர் இருக்கும். ஒருவனுக்குத் திங்கட்கிழமை: ஞாயிறு ராத்திரி அப்பா குடித்துவிட்டு வந்திருப்பார். ஒருவனுக்கு மாசத்தில் நாலு நாள்: ரேஷன், தண்ணி லாரி, அம்மா ஆஸ்பத்திரி. ஒருவனுக்குக் கணக்குத் தேர்வு இருக்கிற நாள் மட்டும். ஒருவன் மதியத்துக்குமேல் மட்டும் காணாமல் போகிறான் என்றால் நேரம் தாழ்த்தாதீர்கள். உதட்டுக்குள் அடக்குகிற புகையிலை, அப்புறம் மாத்திரை என்று போகிற பாதை மத்தியானத்தில்தான் தொடங்குகிறது.

போன் விஷயம். ரீசார்ஜ் தீர்ந்தால் நம்பர் போய்விடும், புது சிம் வாங்குவார்கள், நம் கணக்கில் பழைய நம்பரே கிடக்கும். ஒவ்வொரு பையனுக்கும் தெருமுனைக் கடை நம்பர் ஒன்றை வாங்கி வையுங்கள். எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் காலையில் இட்லி விற்கிற ஓர் அக்கா இருந்தார். எந்த வீட்டில் நேற்றுச் சண்டை, யார் வீட்டைக் காலி செய்கிறார்கள், எல்லாம் ஏழு மணிக்குள் அவருக்குத் தெரிந்துவிடும். அவரைவிட வேகமான தகவல் தொடர்பை நான் பார்த்ததில்லை.

வீட்டுக்குப் போவதானால் பள்ளி விட்டு நாலரை மணிக்குப் போகாதீர்கள். அம்மா ஹவுஸ்கீப்பிங் வேலையிலிருந்து வந்திருக்கமாட்டார். ஏழு மணிக்குமேல், இல்லாவிட்டால் ஞாயிறு காலை. இன்னொரு மாணவனை வழிகாட்டியாகக் கூட்டிக்கொண்டு போவதும் வேண்டாம். மறுநாள் வகுப்பு முழுக்கச் செய்தியாகிவிடும். போனதும் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். அது போதும், மற்றதை அவர்களே பேசுவார்கள்.

கடைசியாக, இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். பன்னிரண்டு நாள் கழித்து ஒருவன் வாசலில் வந்து நிற்கிறான். நாம் என்ன சொல்கிறோம்? "அப்பாவைக் கூட்டிட்டு வா." என் அனுபவத்தில் இந்த மூன்று வார்த்தை அனுப்பிவைத்த பிள்ளைகளைப்போல வறுமைகூட அனுப்பியிருக்குமா என்று சந்தேகம். அப்பா வந்தால் ஒரு நாள் கூலி போகும், வந்தால் எல்லார் முன்னாலும் அடிப்பார். அதனால் பையன் கூட்டிக்கொண்டு வருவதில்லை. அவனும் வருவதில்லை. இதே கதைதான் முடிவெட்டு விஷயத்திலும். பக்கவாட்டில் மழித்து மேலே கொத்தாக விட்டிருக்கிறான் என்று கேட்டிலேயே திருப்பி அனுப்புகிறோம். சலூனுக்குக் காசு வேண்டாமா? அவன் சலூனுக்குப் போகமாட்டான், பாலத்துக்குக் கீழே போய் உட்காருவான். வந்தவனை முதலில் உள்ளே உட்காரவையுங்கள். தலைமுடி ஓடிப்போகாது, தம்பி. பையன்தான் போவான்.

கேள்வி: மதிய உணவு, சீருடை, புத்தகம், பஸ் பாஸ், சைக்கிள், இப்போது மாதம் ஆயிரம் ரூபாய் வேறு. இத்தனை இலவசம் கொடுத்தும் படிக்காமல் நிற்கிறார்கள் என்றால் காரணம் செல்போனும் திமிரும்தானே?
– ஒரு வாசகர், அண்ணா நகர்

பதில்: சார், நீங்கள் சொன்ன பட்டியல் உண்மை. அதில் ஒவ்வொன்றாலும் பிள்ளைகள் தங்கியதைக் கண்ணால் பார்த்தவள் நான். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-ல் சத்துணவைக் கொண்டுவந்தபோது கேலி பேசியவர்கள் உண்டு. இன்று யாரும் பேசுவதில்லை. புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தபிறகு, பெண் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் 'பிளஸ் டூ முடி, காலேஜ்ல சேர்ந்தா மாசம் ஆயிரம் வரும்' என்று அம்மாவே சொல்ல ஆரம்பித்தார். பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது.

ஆனால் எந்த உதவி எப்போது வருகிறது என்று பாருங்கள். காலை உணவுத் திட்டம் ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஒன்பதாவது படிக்கிறவன் காலையில் டீயும் பன்னும் சாப்பிட்டிருந்தால் அதிர்ஷ்டம். ஆயிரம் ரூபாய் வருவது கல்லூரிக்குப் போனபிறகு. பத்தாவதுக்கு 1,500, பதினொன்றுக்கு 1,500, பன்னிரண்டுக்கு 2,000 என்று ஒரு சிறப்பு ஊக்கத்தொகை இருக்கிறது. இடைநிற்றலைத் தடுக்கத்தான் அது. அதுவும் கைக்கு வருவது பிளஸ் டூ முடித்தபிறகு. ஒன்பதாவதில் நிற்பவன் இந்த வரிசையில் எதையும் தொடுவதில்லை.

சட்டமும் அப்படித்தான். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-லிருந்து நடப்பில் இருக்கிறது. ஆறிலிருந்து பதினாலு வயது வரை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தினார்கள். பதினாலுக்குக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாது, குடும்பத் தொழிலுக்குப் பள்ளி நேரம் போக விலக்கு. பதினாலிலிருந்து பதினெட்டு வரை ஆபத்தான வேலைக்கு மட்டும் தடை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பதினாலு முடிகிற அன்றைக்கு 'கட்டாயம் படி' என்கிற சட்டமும் முடிகிறது, 'வேலைக்குப் போகாதே' என்கிற சட்டமும் பாதி முடிகிறது. அந்த வயதில் பிள்ளை எந்த வகுப்பில் இருக்கும்? ஒன்பதாவது.

செல்போனைப் பற்றி: ஏற்கெனவே வகுப்பில் மனசு ஒட்டாதவன் போய் ஒதுங்குகிற இடம் அது. பிடுங்கிப் பாருங்கள், கிரிக்கெட் மட்டையோடு போவான். திமிர் இருக்கும்தான், பதினாலு வயசு இல்லையா? உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். டியூஷன் மாஸ்டர் பார்த்துக்கொண்டிருப்பார்.

கேள்வி: ஆற்றங்கரையில் இருந்த எங்கள் வீடுகளை எடுத்துவிட்டு ஜூலையில் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பெரியவள் பத்தாவது, சின்னவன் ஆறாவது. பழைய பள்ளிக்குப் போக விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பி இரண்டு பஸ் மாற வேண்டும். பெரியவள் "நின்னுடறேம்பா" என்கிறாள்.
– ஒரு தந்தை, பெரும்பாக்கம்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது, உங்கள்மேல் இல்லை. பள்ளி திறந்தபிறகு வீட்டை மாற்றுகிற வழக்கத்தை எத்தனை முறை பார்த்தாயிற்று! 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்களைக் கொண்டுபோனபோது என் பள்ளியிலேயே பெஞ்சுகள் காலியாயின. 2019 டிசம்பரில் சத்தியவாணி முத்து நகரிலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றியபோது பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம்தான் இருந்தது. வீட்டை ஏப்ரல் கடைசியில் மாற்றினால் குடிமுழுகிப் போய்விடுமா?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே தீர்வு வேண்டாம். பெரியவளை மாற்றாதீர்கள். பத்தாவதில் நடுவில் பள்ளி மாறினால் நாமினல் ரோல் என்கிற தேர்வெழுதுவோர் பட்டியல், செய்முறைத் தேர்வு, தெரியாத ஆசிரியர்கள் என்று எல்லாமே குழப்பம். மார்ச் வரை பழைய பள்ளிக்குப் பக்கத்தில் பாட்டி, அத்தை யார் வீட்டிலாவது தங்கவையுங்கள், சனி ஞாயிறு வரட்டும். முடியவில்லை என்றால் தலைமையாசிரியரிடம் போய், முதல் பீரியடுக்குத் தாமதமாக வர அனுமதி கேளுங்கள். வாசலில் நிற்கவைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பஸ்ஸுக்குச் செலவில்லை, சாதாரணக் கட்டண பஸ்ஸில் 2021 மேயிலிருந்து பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. நேரம்தான் செலவு.

சின்னவனை நாளைக்கே அங்கே பக்கத்தில் இருக்கிற அரசுப் பள்ளியில் சேருங்கள். டிசி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எட்டாவது வரை டிசி இல்லை என்பதற்காகச் சேர்க்கையைத் தாமதப்படுத்தவோ மறுக்கவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. மறுத்தால் 14417-க்கு அங்கேயே நின்றுகொண்டு போன் போடுங்கள், பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் அது. அங்கேயே நின்றுகொண்டு என்பதுதான் முக்கியம்.

கேள்வி: தனியார் பள்ளியில் கட்டணப் பாக்கி. பாக்கியைத் தீர்க்காமல் டிசி தரமாட்டோம் என்கிறார்கள். ஏழாவது படிக்கிற மகள் இரண்டு மாதமாக வீட்டில்.
– பெரம்பூர்

பதில்: மேலே சொன்ன அதே விதி உங்களுக்கும். டிசி இல்லாமலே அரசுப் பள்ளியில் சேருங்கள். கட்டணம் வசூலிக்கிற கருவி இல்லை டிசி என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பாக்கி உங்களுக்கும் பள்ளிக்கும் நடுவில். அதைப் பிள்ளை வீட்டில் உட்கார்ந்து கழிக்க வேண்டியதில்லை.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வயது பதினைந்து. ஒரு மாதமாகப் பள்ளிக்குப் போகவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்து போகிறார்கள். சொன்னால் பகை வருமோ என்று பயமாக இருக்கிறது.
– கொருக்குப்பேட்டை

பதில்: 1098, குழந்தைகள் உதவி எண். இன்றைக்கே. உங்கள் பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள், எந்த நேரமும் எடுப்பார்கள். தேதி குறித்து மண்டபத்துக்கு முன்பணம் கட்டியபிறகு நிறுத்துவதில் இருக்கிற ரகளை, இப்போது பேசுவதில் இல்லை.

கேள்வி: எனக்குப் பதினேழு வயது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பத்தாவதில் கணக்கும் அறிவியலும் போய்விட்டது. அப்புறம் போகவில்லை. புதுப்பேட்டையில் ஒரு கடையில் வண்டியைப் பிரிக்கிற வேலை. இனிமேல் படிக்க முடியுமா மேடம்?
– ஒரு வாசகர், சிந்தாதிரிப்பேட்டை

பதில்: முடியுமாவா? பாஸான மூன்று பாடமும் அப்படியே இருக்கிறது, தம்பி, யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. கணக்கும் அறிவியலும் மட்டும் எழுதினால் போதும், ஒவ்வொன்றிலும் 35. தனித்தேர்வராக விண்ணப்பிக்கலாம், மார்ச் தேர்வு போனால் ஜூன் ஜூலையில் துணைத் தேர்வு. அரசுத் தேர்வுத் துறையின் சேவை மையங்கள் சென்னையில் இருக்கின்றன. அங்கே போவதற்குத் தயக்கமாக இருந்தால் பழைய பள்ளிக்கே போ. உன் வகுப்பாசிரியர் திட்டுவார், திட்டிக்கொண்டே படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுப்பார். நாங்கள் அப்படித்தான்.

இன்னொரு வழியும் இருக்கிறது. நீ இஞ்சினைப் பிரித்துப் பார்த்தவன். கிண்டியிலும் அம்பத்தூரிலும் அரசு ஐடிஐ இருக்கிறது. வெல்டர், வயர்மேன் மாதிரி சில பிரிவுகளுக்கு எட்டாவது பாஸே போதும். மெக்கானிக் பிரிவுக்குப் பத்தாவது வேண்டும். அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. பெரிய காசில்லை, பஸ்ஸுக்கும் டீக்கும் ஆகும். பத்தாவது முடித்து இரண்டு வருஷ ஐடிஐ படிப்பும் முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம். உன் முதலாளியிடம் இதைப் பேசிப் பார். தொழில் தெரிந்த மனிதர் பெரும்பாலும் தடுக்கமாட்டார். தடுத்தால் எனக்கு எழுது.

கேள்வி: எல்லாருக்கும் யோசனை சொல்கிறீர்கள். நீங்கள் தலைமையாசிரியையாக இருந்தபோது உங்கள் பள்ளியிலிருந்து யாருமே நிற்கவில்லையா?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: நின்றார்கள். அதில் ஒருவனை நான்தான் நிறுத்தினேன்.

2009 மே. தலைமையாசிரியையாகி முதல் வருஷம் முடிந்திருந்தது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் மோசம். மேலதிகாரிகள் கூட்டத்தில் சதவீதத்தைச் சத்தமாகப் படித்து, என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். திரும்பி வந்ததும் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை எடுத்து, 'இவர்கள் அடுத்த வருஷம் தேறமாட்டார்கள்' என்று நாலு பேர் பெயருக்குக் கீழே பென்சிலில் கோடு போட்டேன். வேறு பள்ளிகளிலும் அப்போது நடந்ததுதான். அதைச் சொல்லி நான் தப்பிக்க முடியாது. நாலு பேரின் அம்மாக்களையும் வரவழைத்தேன். "பையனுக்குப் படிப்பு வரலம்மா, வேற ஸ்கூல்ல சேர்த்துடுங்க, இல்லன்னா ஒரு தொழில் கத்துக்கட்டும்" என்று நயமாகச் சொன்னேன். மூன்று பேர் டிசியை வாங்கிக்கொண்டு போனார்கள். ஓர் அம்மா மட்டும் அழுதார். பாத்திரம் தேய்க்கிற கை, விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. டிசி புத்தகத்தில் 'பள்ளியை விட்டு நீங்கும் காரணம்' என்ற இடத்தில் 'பெற்றோர் விருப்பம்' என்று எழுதினேன். கையெழுத்துப் போடத் தெரியாதவர், அடிக்கட்டையில் கைநாட்டு வைத்துவிட்டுப் போனார்.

2015 பிப்ரவரியில் மத்தியான நேரம் ஓர் இளைஞன் அறை வாசலில் வந்து நின்றான். மீசை, காக்கிச் சட்டை. "மிஸ்" என்றான். குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்தேன். ஆட்டோ ஓட்ட பேட்ஜ் எடுக்கிறான், அதற்கு எட்டாவது பாஸ் என்று அத்தாட்சி கேட்கிறார்கள். அப்போது அந்த விதி இருந்தது, 2019-ல்தான் எடுத்தார்கள். டிசி குடிசை தீப்பிடித்தபோது போய்விட்டது, நகல் வேண்டும் என்றான். பழைய அடிக்கட்டைப் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லிப் பிரித்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, தலைகீழாக இருந்த எழுத்தைப் படித்தான். படிப்பு வராத பையன்!

"பெற்றோர் விருப்பம்னு போட்டிருக்கீங்க மிஸ்."

நான் நிமிரவில்லை.

"எங்கம்மா அன்னிக்கு அழுதுகினே வந்துச்சு மிஸ், ஊடு வரைக்கும்." கோபமாகச் சொல்லவில்லை. வெயில் அதிகம் என்று சொல்கிற மாதிரிச் சொன்னான்.

நகல் டிசி எழுதும்போது அடிக்கட்டையில் உள்ளதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுத வேண்டும் என்பது விதி. பெயர், பிறந்த தேதி, சேர்ந்த நாள், நீங்கிய நாள் எல்லாம் எழுதிக்கொண்டே வந்து, அந்த இடத்தில் மறுபடியும் என் கையாலேயே 'பெற்றோர் விருப்பம்' என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாங்கி ஊதிக் காயவைத்தான். மடிக்கப் போனவன் நிறுத்தி, திரும்ப மேசைமேல் வைத்தான்.

"சீல் மிஸ்."

மறந்துவிட்டிருந்தேன்.